அடியில் வைத்த ஏழு கற்கள்

தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் கொழுந்து பறித்த நான், நோர்வூட்டில் பிளாஸ்டிக் கழிவில் நடைபாதைக் கல் செய்யும் பயிற்சிக்குப் போனேன். நன்றாகக் காய்ந்த மணலை உருக்கிய பிளாஸ்டிக்கோடு கலந்து அச்சில் ஊற்ற வேண்டும். அந்த வாரம் மழை விடவே இல்லை. அவசரத்தில் ஈர மணலைப் போட்டுவிட்டேன். ஏழு கற்களில் வெடிப்பு விழுந்தது.

மலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொழுந்தை நிறுக்கும் கணக்குப்பிள்ளை கண்ணில் படாமல் முற்றின இலையைக் கூடையின் அடியில் தள்ளி, மேலே நல்ல கொழுந்தைப் பரப்பிவிடுவோம். என் கை தானாகவே அதைச் செய்தது. வெடித்த கற்களை அடுக்கின் அடியில் வைத்தேன்.

மறுநாள் லொறி வந்தது. "எங்க போகுது மாஸ்டர்?" என்று பயிற்சி கொடுப்பவரிடம் கேட்டேன்.

"உங்க தோட்டத்துப் புள்ளைக்காம்பராவுக்குத்தான் அக்கா. அந்தச் சறுக்குற பாதைக்கு."

வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம் அது. என் தங்கச்சி தினமும் கைக்குழந்தையோடு அந்தப் பாதையில்தான் இறங்குவாள்.

"ஏத்தாதீங்க!" என்று கத்திவிட்டேன். எல்லார் முன்னாலும் அடுக்கைக் கலைத்துக் காட்டினேன். இத்தோடு விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மாஸ்டர் ஒரு கல்லைத் தரையில் போட்டார். இரண்டாக உடைந்தது.

"நல்ல வேளை, இப்பவே சொன்னீங்க. நொறுக்கித் திரும்ப உருக்குங்க. இந்தத் தடவை மணலை வறுத்துப் போடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். உடைந்த துண்டுகளைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன்.

இப்போது மழையிலும் தங்கச்சி கல் பதித்த அந்தப் பாதையில் குழந்தையோடு இறங்குகிறாள். பின்னால் போகும் நான் கீழே பார்த்துக்கொண்டே நடக்கிறேன். உருக்கித் திரும்பச் செய்த அந்த ஏழு கற்கள் எவை என்று எனக்கே தெரியவில்லை.