நாடாவின் முதல் அங்குலம்

கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் பதிவேட்டைக் கவனித்துவந்த பெரியவர், அளவு விஷயத்தில் பெற்ற தகப்பனுக்கும் விட்டுக்கொடுக்காதவர். நினைவுக்கல் மூன்றடிக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே விதி. கடவுளுக்கு முன் எல்லாரும் சமம் என்பார்.

போன மாதம் தையற்காரம்மா தன் மகனுக்குக் கொண்டுவந்த கல்லை, ஓர் அங்குலம் கூடுதல் என்று அவர் நிறுத்திவிட்டார்.

"என் டேப்புல சரியாத்தானே இருக்கு, ஐயா?"

"ரவிக்கை அளக்கிற டேப் கல்லுக்கு ஆகாதும்மா."

கல்தச்சர் அடிப்பக்கத்தை அறுத்தார். அதில் செதுக்கியிருந்த கடைசி வரியும் அதோடு போயிற்று.

இன்று பெரியவர் வேறொரு கல்லை அளந்தபோது கல்தச்சர் அவருடைய அளவு நாடாவைப் பிடுங்கிப் பார்த்தார். "அண்ணே, இது ஒண்ணுல இருந்துல்ல ஆரம்பிக்குது! முதல் அங்குலம் பிஞ்சு போயிருக்கு. எறும்புக்கும் அளவெடுக்கிற ஆளு, இதைப் பாக்கலியா?"

பெரியவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. நேரே தையற்கடைக்கு நடந்தார். நாடாவை மேசைமேல் வைத்து, "தப்பு என்னோடதும்மா. புதுக் கல் நானே வெச்சுத் தரேன்," என்றார்.

அந்த அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"சரி. அறுத்த வரியில என்ன எழுதியிருந்துச்சு, சொல்லுங்க."

அவர் பதிவேட்டில் உயரம், அகலம், தேதி எல்லாம் குறித்திருந்தார். அந்த வரியைப் படிக்கவே இல்லை.

"தெரியலம்மா," என்றார், தரையைப் பார்த்தபடி.

"'அம்மா வந்துட்டேன் கண்ணு'ன்னு இருந்துச்சு. புதுக் கல்லுல சரியா எழுதணும்ல, குறிச்சுக்கோங்க."

பேனா பையிலேயே இருந்தது. எடுக்கத்தான் அவருக்குக் கை வரவில்லை.