பல்லில் கவ்விய பறி

பழவேற்காட்டு உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கோட்டையில் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி, என்னை நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப்போய் எழுத்தும் கணக்கும் கற்றுத்தருவதாகச் சொன்னார். நைனாவிடம் கேட்காமலே தலையாட்டிவிட்டேன். கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே நின்றது. காற்று திரும்பினால் மறுநாளே கிளம்பிவிடும். எனக்குப் பதினைந்து வயது. அம்மா இறந்தபின் வீட்டில் நைனாவும் நானும்தான். சோறு, வலை, மழை தவிர வேறெதையும் பேசிக்கொண்டதில்லை. அன்று விடிந்ததிலிருந்து வாயைத் திறப்பதும் மூடுவதுமாக அவர் பின்னாலேயே சுற்றினேன்.

ஏரியில் குனிந்து சேற்றைக் கையால் துழாவித்தான் இறால் பிடிப்போம். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும். பிடித்ததைப் போடும் ஓலைப்பறி பல்லில் கவ்வியபடி தொங்கும். அது கனத்துவிட்டால் பேச முடியாது. அதற்காகவே காத்திருந்தேன். அவர் பறி நிறைந்ததும், என்னுடையதைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் அவசரமாகச் சொல்லி முடித்தேன்.

அவர் கைகள் நின்றன. பிறகு மறுபடி துழாவின. சம்மதம்தானோ என்று கப்பலைப் பார்ப்பதும் அவர் முதுகைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

நைனா நிமிர்ந்தார். தன் பறியை என் வாயருகே நீட்டினார்.

“கவ்வு.”

கவ்வினேன்.

“பதில் வராத நேரமா பாத்து சொன்னே இல்ல? இப்ப நீ கேளு. துபாஷி ஊட்டு ஆளு போன வாரமே எங்கிட்ட சொல்லிட்டான். நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சோத்துல கை வைக்கறப்பல்லாம், இன்னிக்கு சொல்லுவான்னு நெனப்பேன். கோவம் இல்லடா. பயமா இருக்குது. நீ போய்ட்டா ஊட்ல யார்கிட்ட பேசுவேன்? இப்ப மட்டும் பேசறோமான்னு கேப்பே. அதான் பயமே.”

சொல்லிவிட்டுக் காத்து நின்றார். வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும் என்று நானும் பேசாமல் நின்றேன். என் கைகள் இரண்டும் சும்மாதான் தொங்கின. பறியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியிருக்கலாம். இந்தக் கிழ வயதிலும் என்னை உறங்கவிடாதவை அந்தக் கைகள்தான்.

“இன்னா, பல்லு சுளுக்கிக்கிச்சா?” என்று பறியை வாங்கிக்கொண்டு கரையேறினார்.

மணலில் ஓடிப்போய் மறித்தேன்.

“நில்லு நைனா. நீ பேச முடியாதுன்னுதான் அப்ப சொன்னேன்.”

“அது தெரியும். இப்ப இன்னா?”

“எனக்குப் போணும். பயமாவும் இருக்குது. நீ இன்னா சொல்றேன்னு தெரியணும்.”

“போ. அதுக்கு முன்னாடி உக்காரு. மொதல்லேர்ந்து சொல்லு.”

வெயிலில் இறால் கெட்டுவிடும்; பிடித்ததோடு அவர் வழியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பறிமேல் ஈரத்துண்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்லத் துண்டு காய்ந்தது. அதை நனைக்க அவர் எழவில்லை.