வரைபடத்தில் இல்லாத ரயில்

எங்கள் பூதத்தை ஒழித்துக்கட்ட மூன்று வருடம் பிடித்தது. அதுவும் ஒழுங்காக ஒழியவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு வெகுநாள் இருந்தது.

சித்தப்பா சிரம்பான் பட்டணத்தில் படித்தபோது விடுதி நண்பர்களிடம் கற்றுக்கொண்டு வந்த ஆட்டம் அது. ஆளுக்கொரு வேடம். எதிரே என்ன வந்து நிற்கிறது என்று அவர் கதை சொல்லுவார். அதற்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லவேண்டும். செய்தது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை முடிவுசெய்யும். இருபது விழுந்தால் எதுவும் பலிக்கும். ஒரே நாளில் முடிகிற சமாசாரம் அல்ல. ஒரு ஞாயிறு விட்ட இடத்திலிருந்து அடுத்த ஞாயிறு தொடரும்.

நான், அக்கா, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டுப் பையன்கள் இருவர், இவ்வளவுதான் படை. படிப்பு முடிந்ததும் தோட்டத்துக்கே திரும்பிவந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய சித்தப்பாவுக்கும் எங்களை விட்டால் வேறு துணை இல்லை. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை ஒருகாலத்தில் பார்த்துக்கொண்ட, இப்போது யாரும் புழங்காத பழைய ஆயாக்கொட்டகையில் உட்காருவோம். எங்கள் தோட்டத்தையே ஒரு ராஜ்யமாகப் பெரிய அட்டையில் வரைந்து வைத்திருந்தார். ஆபீஸ்தான் அரண்மனை. மந்திரிக்கு, ஆபீஸ் கணக்கரைப் போலவே, கிராணி என்று பெயர். இடிந்துபோன ரப்பர் ஸ்டோரில் பூதம் குடியிருந்து ஆற்றுத் தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்தது. அதை வெட்டக்கூடிய ஒரே ஆயுதமான வெள்ளி அரிவாள் என்னிடம் இருந்தது. அதை அடைய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூன்றாம் வருடம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. சித்திக்குச் சொந்த ஊர் கெமாஸ். தண்டவாளத்தை ஒட்டி வீடு. வந்த வாரமே, ரயில் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றார். சத்தம் இருந்தால்தானே தூக்கம் வராது என்று அம்மா சிரித்தார். கெமாஸிலேயே வாடகைக்கு வீடு பார்த்துக்கொள்ளலாமா என்று சித்தி ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். லோரி இங்கே இருக்கும்போது வீடு அங்கே எதற்கு என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். சித்தப்பா குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே படவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சித்தப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள் குறைந்துவிட்டனவே என்பதுதான் என் கவலை. கதையை முடித்துவிட்டாவது போங்கள் என்று நச்சரித்து அவரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தோம்.

கடைசி நாள் அவர் சித்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் சும்மாதானே இருக்கிறார், பூதமாக இருக்கட்டும் என்றார். கத்தவேண்டும், நெருப்பைக் கக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை என்று சொல்லிக்கொடுத்தார். சித்தி தலையாட்டிவிட்டு எங்களுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

மண்டோர் வீட்டுப் பையன்கள் கதவை உடைத்தார்கள். அக்கா தீவட்டியைப் பிடித்தாள். நான் அரிவாளை ஓங்கினேன். இப்போது பூதம் என்ன செய்கிறது என்று சித்தப்பா கேட்டார்.

சித்தி கத்தவில்லை. அட்டையைப் பார்த்தபடியே சொன்னார்: "நானா வந்து இங்க உக்காரலையே. கூட்டிட்டு வந்து உக்கார வச்சிட்டாங்க. வழி விட்டா வீட்டுக்குப் போயிருவேன்."

பெரிய பையன் சிரித்துவிட்டான். எனக்கோ கோபம் வந்தது. பூதத்துக்கு வீடே இதுதான் என்று சொல்லிப் பகடையை உருட்டினேன். இருபது விழுந்தது. மூன்று வருடத்தில் எனக்கு விழுந்த முதல் இருபது. நாங்கள் போட்ட கூச்சலில் வெளியே படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

பூதம் செத்தது என்று சித்தப்பா சொல்லவேண்டும். அவர் பகடையைப் பார்க்கவே இல்லை.

"பூதத்துக்கு வீடு எங்க?" என்றார்.

"ரயிலு சத்தம் கேக்குற எடத்துல."

"மேப்புல ரயிலே இல்லலா சித்தப்பா," என்றேன் நான்.

அவர் பென்சிலை எடுத்தார். ரப்பர் ஸ்டோர் வாசலில் ஆரம்பித்து, ஆற்றைத் தாண்டி, அரண்மனை வழியாகவே அட்டையின் ஓரம்வரைக்கும் ஒரு தண்டவாளம் போட்டார். குறுக்குக் கட்டைகளைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றாக நிதானமாக வரைந்தார். பூதம் ரயிலேறிப் போய்விட்டது, ஆற்றில் தண்ணீர் வந்தது, கதை முடிந்தது என்றார். சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொட்டகையில் நல்ல புழுக்கம்.

இரண்டு மாதத்தில் சித்தப்பாவுக்குக் கெமாஸ் பக்கம் ஓர் ஆலையில் லோரி வேலை கிடைத்தது. அப்பா கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். புறப்படும் நாளில் சித்தப்பா அட்டையையும் பகடையையும் என்னிடம் கொடுத்தார். நான் முதல் வேலையாக அழிரப்பரை எடுத்துத் தண்டவாளத்தை அழித்து, ராஜ்யத்தைப் பழையபடி ஆக்கினேன்.

வண்டியில் ஏறப்போன சித்தியிடம், ஒரு ஞாயிறு வந்து ஒழுங்காகச் சண்டை போடும்படி கேட்டேன். என் இருபது இன்னும் பாக்கி இருந்தது.

"ஆட்டம் இன்னும் முடியலலா, சித்தி."

"எனக்கு முடிஞ்சிருச்சு," என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

விளையாடத் தெரியாதவரைப் பூதமாக வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அக்காவிடம் சொன்னேன். அக்காவும் ஆமாம் என்றாள்.