தாளத்தைக் குறைத்தபோது

கச்சேரியில் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சர் முன்னால் எனக்கு உட்கார வராது. நின்றுகொண்டே இருப்பேன், கால் தானாக ஆடும். கரிக்கலாம்பாக்கம் கல்யாண மண்டபத்தில் ஒரு வரவேற்புக் கச்சேரிக்கு சவுண்டு போட்ட அன்று அது இரட்டிப்பாக ஆடியது. பாடப்போவது என் அக்கா. கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆன பிறகு அவள் மேடையேறுவது அதுதான் முதல் தடவை. குரல் பழையபடி வந்துவிட்டதா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் தாளம்தான் ராஜா. கரண்டில் ஓடும் ரிதம் பேட் இரண்டு, ஒரு டோலக். நெஞ்சு அதிரவில்லை என்றால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சண்டைக்கே வந்துவிடுவார்கள். இந்த இடியில் அக்காவின் குரல் மூழ்கிவிடக் கூடாதே என்று தாள வாத்தியங்கள் மிக்சருக்குள் வரும் சேனல்களை எல்லாம் ஒரே குரூப்பில் போட்டேன். ஃபேடர் என்கிற ஒரே தள்ளுகட்டையை இறக்கினால் மொத்தமும் இறங்க வேண்டும். புது டிஜிட்டல் மிக்சர் என்று கொஞ்சம் பெருமை வேறு. மேடைக்குத் தனி ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. மண்டபத்தில் ஒலிப்பதுதான் பாடுகிறவருக்கும் கேட்கும்.

அக்கா பாட்டை எடுத்தாள். தாளம் அவளை விழுங்கியது. ஃபேடரை இறக்கினேன். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். அடிவரைக்கும் இழுத்தேன், பேட் இடித்துக்கொண்டேதான் இருந்தது. முன்வரிசைப் பெரியவர் திரும்பி, "இன்னாபா, அந்தப் பொண்ணு பாட்றது ஒண்ணும் கேக்கலியே?" என்றார். அவர் மேல் வந்த கோபத்தை மிக்சரின் தொடுதிரையில் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகத் தட்டினேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்களே, எனக்கு விரல்கூட நுழையவில்லை.

இரண்டாவது சரணத்தில்தான் கண்ணில் பட்டது. சேனல்களைக் குரூப்பில் சேர்த்தேனே தவிர, ஸ்பீக்கருக்கு நேராகப் போகும் மெயின் வழியிலிருந்து எடுக்கவில்லை. ஒரு மடையை அடைத்துவிட்டு இன்னொன்றைத் திறந்து வைத்தால் தண்ணீர் பாயத்தானே செய்யும்? பழைய மிக்சரில் இரண்டு பட்டனும் பக்கத்திலேயே இருக்கும். இதில் மெயின் வேறொரு திரையில் இருந்தது. சேனல்களை ஒவ்வொன்றாக அதிலிருந்து எடுத்தேன். பேட் ஓய்ந்துபோய், டோலக்கின் தட்டல் மட்டும் மேடையிலிருந்து மெலிதாக வந்தது.

அக்காவின் குரல் தனியாகக் கேட்டது. மேலே ஏறும்போது பாதியில் கிழிந்தது. சாப்பாட்டுக்கு எழுந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்து உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினாள், தாளத்தை ஏற்றச் சொல்லி. ஏற்றினேன். கூட்டாளிகள் விசிலடித்தார்கள். அவள் சிரித்த முகத்தோடு மீதியையும் பாடி முடித்தாள்.

வில்லியனூருக்கு வண்டியில் திரும்பும்போது என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"வூட்ல ஒரு தடவ பாடிப் பார்த்திருக்கலாம் இல்லக்கா?"

"பயமா இருந்துச்சுடா. இந்த சத்தத்துல பாடுனா என் கொரலு எனக்கே கேக்காதுன்னுதான் ஒத்துக்கினேன்." முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். "நீ கேக்க வெச்சிட்ட."