நனைந்த வாணப் பெட்டியும் ரெஜினா டீச்சரும்

ரெஜினா டீச்சர் காலமானார் என்ற செய்தி செவ்வாய் காலை தொலைபேசியில் வந்தது. தீக்காயப் பிரிவில் ஒன்பது நாட்கள் கிடந்தார். செய்தி சொன்ன விழாக்குழு நண்பர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “தீர்த்தத்தைப் பழிச்சா சும்மா விடுமா, சேர்?” என்றும் கேட்டார். கொட்டாஞ்சேனையில் இப்போது இதுதான் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பதினெட்டு ஆண்டுகள் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவர் இரசாயனம், நான் கணிதம். ஆய்வுகூடத்தில் ஒரு போத்தலில் லேபல் இல்லாவிட்டாலும் அன்று யாரையும் உள்ளே விடமாட்டார். பயந்தாங்கொள்ளி என்று சீண்டுவேன். “ஓம், பயந்தவதான். பத்து விரலும் இருக்குது, பாருங்க” என்று கையை விரித்துக் காட்டுவார்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்குக் கொளுத்தும் வாணங்களையும் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பது வழக்கம். இம்முறை வந்தவை கையால் இடித்து அடைத்த பூவாணங்கள். ஃபாதர் தாராளமாகவே தெளித்தார். பெட்டி நன்றாக நனைந்துவிட்டது. டீச்சர் விழாக்குழுச் செயலாளரான என்னிடம் வந்தார்.

“சேர், அதுக்குள்ள அலுமினியத் தூளும் வெடியுப்பும் இருக்கு. ஈரம் பட்டா உள்ளுக்குள்ளயே சூடேறும். நனைஞ்சா செத்துப்போகும் எண்டு நினைக்காதீங்க. சிலது அப்பதான் உசும்பி எழும்பும். இண்டைக்கே வெளியில எடுப்பிச்சுப் போடுங்க.”

பெட்டி இருந்த அறைக்கு அடுத்ததில்தான் அவர் ஞாயிறுதோறும் மறைக்கல்வி எடுத்தார்.

“தீர்த்தம் பட்டா கெடுதல் வருமா, டீச்சர்?” என்று சிரித்தேன். பக்கத்தில் நின்ற குழுவினரும் சேர்ந்து சிரித்தார்கள். பெட்டியைப் பொலித்தீனால் மூடி அறையைப் பூட்டினேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வகுப்பு நடந்தபோது நான் விறாந்தையில் நின்றேன். கழிப்பறை நாற்றம் போல ஒன்று மூக்கைத் துளைத்தது. டீச்சரின் முகம் வெளிறிவிட்டது.

“அமோனியா! பெட்டி சூடேறிட்டுது! எல்லாரும் றோட்டுக்கு ஓடுங்க! சேர், பூட்டில கை வைக்காதீங்க!”

அத்தனை பேர் முன்னிலையில் பிழைகாரனாக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. பூட்டைத் திறந்து பொலித்தீனை இழுத்தேன். சூடு முகத்தில் அடித்தது. டீச்சர் ஓடிவந்து என்னை வெளியே தள்ளியதும், அவருக்குப் பின்னால் பெட்டி தீயாய்ச் சீறியதும் மட்டும் நினைவிருக்கிறது.

நேற்று சேமக்காலையில் அந்த வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் வரிசையாக வந்து குழியில் மண் போட்டார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. பெரியவர்கள் ஒதுங்கி நின்று அதே கதையைக் குசுகுசுத்தார்கள்.

போய் வாருங்கள், டீச்சர். உங்களைக் கொன்றது தீர்த்தமல்ல. நீங்கள் தடுத்தும் கேளாமல் அந்தக் கதவைத் திறந்தவன் நான்.