எழுவர் உள்ளே, எழுவர் வெளியே

என் மேசையில் வளைந்த தண்டவாள ஆணி ஒன்று இருக்கிறது. கடதாசிகள் பறக்காமல் அவற்றின் மேல் வைத்திருக்கிறேன். அது என்னிடம் வந்த கதையை வரிசையாகச் சொன்னால் இப்படி:

1. கனடாவில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள பிக்கரிங்கில் நாங்கள் போட்ட புதிய ரயில் பக்கப்பாதையின் திறப்பு விழாவுக்கு, வேலிக்குள் வர வேண்டியவர்களின் பட்டியலை நான் தயாரித்தேன்.
2. என்னையும் சேர்த்து அதில் பதினொரு பேர். பாதையைப் போட்ட ஏழு பேரும் இல்லை.
3. பிரதம விருந்தினர் கடைசி ஆணியைச் சம்மட்டியால் அடித்தார். இரண்டாவது அடியில் ஆணி வளைந்தது.
4. அப்படியே விட்டுவிட்டுப் படம் எடுக்கலாம் என்றார்கள். முடியாது என்றேன்.

அந்த ஏழு பேரின் தலைவரை நாங்கள் ஃபோர்மன் அண்ணை என்போம். மன்னாரில் பிறந்தவர். வேலை தொடங்குமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். நான் அளந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டிய பொறியியலாளர். எங்களுக்குள் நாள்தோறும் சண்டை. "இரண்டு மில்லிமீற்றருக்கு உயிரை எடுக்கிறியே, பிள்ளை" என்று சலித்துக்கொண்டே, போட்ட தண்டவாளத்தை மறுபடி கழற்றுவார். அவரிடமும் விட்டுக்கொடுக்காத ஒரு வழக்கம் இருந்தது. குழு பாதைக்குள் இறங்கும்போது ஏழு தலைகளையும் எண்ணுவார், ஏறும்போதும் எண்ணுவார். ஒருவர் குறைந்தாலும் யாரும் அசைய முடியாது. அது எனக்குப் பிடித்துப்போய், பாதுகாப்புப் பத்திரத்தில் மூன்றாம் விதியாக எழுதினேன்: குழு முழுதாக இறங்கும், முழுதாக ஏறும்.

எங்கள் தற்காலிக அலுவலகச் சுவரில் ஒரு பழைய படம் தொங்கியது. நாட்டின் குறுக்கே போன முதல் ரயில்பாதையின் கடைசி ஆணியை அடிக்கும் காட்சி. ரயில் வரும் என்ற வாக்குறுதியை நம்பித்தான் மேற்குக் கரை மாகாணம் கனடாவோடு சேர்ந்தது என்று ரொறன்ரோவில் படித்த எல்லோரையும் போல நானும் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். மலைப்பகுதியில் பாறை உடைத்த சீனத் தொழிலாளர்கள் அந்தப் படத்தில் இல்லை என்பதையும் படித்திருந்தேன். ஃபோர்மன் அண்ணை ஒரு நாள் தேநீர்க் கோப்பையோடு அதன் முன் நின்றார். "உதிலை தொப்பி போட்டவை நிக்கினம். தண்டவாளம் போட்டவை எங்கை, பிள்ளை?" நான் சிரித்தேன். இரண்டு கிழமை கழித்து அதே சுவருக்கு முன்னால் இருந்துதான் அந்தப் பட்டியலை எழுதினேன். 'விழாவில் வேலை இல்லாதவர்கள்' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. வேலை முடிந்துவிட்டதே என்று ஏழு பெயர்களையும் அதற்குள் போட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. எந்த எண்ணமுமே இல்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

விழா நாளில் வேலி வாசலில் கட்டிய மஞ்சள் நாடாவுக்கு அப்பால் அவர்கள் நின்றார்கள். ஒருவர் புதிதாக முடி வெட்டியிருந்தார். ஃபோர்மன் அண்ணையின் செம்மஞ்சள் மேலங்கிக்குள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை தெரிந்தது. படத்தில் நிற்கப்போகிறோம் என்று நம்பி வந்திருந்தார்கள்.

"சமைச்சவனை வெளியிலை விட்டிட்டுப் பந்தி வைக்கினம்" என்றார் குழுவிலிருந்த மற்றத் தமிழர்.

"சத்தம் போடாதை. லிஸ்ட் எழுதினது எங்கடை பிள்ளைதான்" என்றார் ஃபோர்மன் அண்ணை.

அதற்குப் பிறகுதான் ஆணி வளைந்தது. அந்தப் பழைய விழாவிலும் முதலில் அடித்த ஆணி வளைந்ததாக வாசித்திருக்கிறேன். வளைந்ததைப் பிடுங்கி, துளையை மரச்செருகியால் அடைத்து, புதியதை அடித்தால்தான் நான் கையெழுத்திடலாம். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நாடாவுக்கு வெளியே நின்றார்கள். போனேன்.

"அண்ணை, ஒருக்கா உள்ளுக்கு வரவேணும்."

"தனியவோ?"

"ஒரு ஆணிதானே, அண்ணை."

"மூண்டாம் விதி என்ன சொல்லுது, எஞ்ஜினியர் அம்மா?"

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்குப் பின்னால் என் மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொறுப்பேற்ற முதல் பாதை அது. பட்டியலை வேலிக் கம்பத்தில் வைத்து, ஏழு பெயர்களையும் பேனாவால் எழுதினேன். நாடாவைத் தூக்கிப் பிடித்தேன். "ஏழு பேரும் வாங்கோ."

ஒருவர் அலவாங்கால் ஆணியை நெம்பினார், ஒருவர் செருகியை அடித்தார். ஃபோர்மன் அண்ணை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, மூன்றே அடியில் புதிய ஆணியை இறக்கினார். விருந்தினர் நல்ல மனிதர். கைதட்டிவிட்டு, யாரும் போகவேண்டாம், எல்லோரும் நில்லுங்கள் என்றார். "சரிஞ்சு நில்லடா, வண்டி தெரியுது" என்று ஃபோர்மன் அண்ணை மற்றத் தமிழரின் தொப்பையைக் காட்டிக் கடிந்த கணத்தில் படம் எடுத்துவிட்டார்கள். பிறகு வளைந்த ஆணியை என் கையில் வைத்தார். "லிஸ்டுக்கு மேலை வை. பறக்காது."

அவர் இப்போது ஓய்வு பெற்று, பிக்கரிங்கைத் தாண்டி ஒஷாவாவில் இருக்கிறார். ரொறன்ரோவில் மகள் வீட்டுக்கு ரயிலில் போகும்போது அந்த இடத்தைக் கடக்கிறார். சில நாட்களில் அங்கிருந்தே அழைத்து, "உன்ரை இரண்டு மில்லிமீற்றர் சுகமா இருக்கு" என்கிறார். சென்ற கிழமை நானும் போய்ப் பார்த்தேன். ஆணி அசையவில்லை. இப்போது என் அலுவலகச் சுவரில் அந்தப் பழைய படத்தோடு சேர்த்து இரண்டு படங்கள். எங்களுடையதில் பதினெட்டுப் பேர். நான் எழுதும் பட்டியல்கள் பாதை போட்டவர்களின் பெயர்களில் தொடங்குகின்றன.