மூடிய கொட்டகைக்குள் ஓடிய ஜெனரேட்டர்

திருவெறும்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள பழைய கொட்டகையில் தையல் மெஷின் போடுவதற்காக, மேடும் பள்ளமுமான சிமென்ட் தரையை என் கணவர் தேய்க்கும் மெஷினால் சமப்படுத்தினார். அன்று கரண்ட் இல்லை. மழை தூறியதால் வாடகை ஜெனரேட்டரை உள்ளேயே ஓடவிட்டார். "வீடெல்லாம் தூசிங்க, கதவைச் சாத்திக்கங்க" என்று சொன்னது நான்தான்.

சற்று நேரத்தில் தேய்க்கும் சத்தம் நின்றது. ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவைத் திறந்தால் தரையில் கிடந்தார். கதறிக்கொண்டே இழுத்தேன், அசைக்க முடியவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர், "இந்தப் புகை விஷம்மா, முதல்ல வெளியே தூக்குங்க" என்று கைகொடுத்தார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகு, சாயங்காலம்தான் கண் திறந்தார்.

இப்போது ஜெனரேட்டர் திறந்தவெளியில்தான் ஓடுகிறது. வீட்டில் அவர் எங்கே வேலை செய்தாலும் அடிக்கடி கூப்பிடுகிறேன். "இருக்கேன்மா" என்று குரல் வரும்வரை நகர்வதில்லை.